‘எங்கள் வீட்டில் ஒருவர்’: வீட்டுப் பணியாளருக்கும் வீட்டாருக்கும் இடையே நிற்பது என்ன?

பிரிட்டனில் 1999 ஏப்ரல் முதல் நாள் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தபோது, அதன் விதிகளில் ஒரு விலக்கு ஓசையில்லாமல் உட்கார்ந்திருந்தது. முதலாளியின் வீட்டிலேயே தங்கி, அந்தக் குடும்பத்தில் ஒருவராக நடத்தப்படும் பணியாளருக்கு அந்த ஊதியத்தைத் தரத் தேவையில்லை. குடும்பத்தில் ஒருவராக நடத்தப்படுகிறார் என்று எப்படி அறிவது? தங்குமிடம், உணவு, வேலைகளைப் பகிர்ந்துகொள்வது, ஓய்வுப் பொழுதைச் சேர்ந்து கழிப்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்றது விதி. மொழி கற்கவும் ஊர் பார்க்கவும் வந்து, ஒரு குடும்பத்தோடு சில மாதம் தங்கிக் குழந்தையைக் கவனித்துக்கொள்ளும் வெளிநாட்டு இளைஞர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வாசகம் அது. ஆனால் விடிந்ததிலிருந்து இரவு வரை உழைத்த முழுநேரப் பணியாளர்களின் சம்பளத்தைக் குறைக்கவும் அது கைகொடுத்தது. இந்த விலக்கு பெரும்பாலும் பெண்களையே பாதிக்கிறது, ஆகவே இது பாகுபாடு என்று 2020இல் ஒரு தொழில் தீர்ப்பாயம் கூறியது. விலக்கு முழுமையாக நீக்கப்பட்டது 2024 ஏப்ரல் முதல் நாள். சரியாக இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து.

உலகில் எங்கே போய்க் கேட்டாலும், வீட்டில் ஆள் வைத்திருப்பவர்கள் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: ‘அவரை நாங்கள் வேலையாளாகவே நினைப்பதில்லை, எங்களில் ஒருவராகத்தான் நினைக்கிறோம்.’ இதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்வதில்லை என்றே நினைக்கிறேன். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. குடும்பத்தினருக்கு வேலை நேரம் கிடையாது, மிகைநேரக் கூலி கிடையாது, வார விடுப்பு கிடையாது. அதற்கு ஈடாக அவர்களுக்குச் சொத்தில் பங்கு உண்டு, எதிர்த்துப் பேசும் உரிமை உண்டு, முடியாதபோது படுத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. வீட்டுப் பணியாளர் ‘குடும்பத்தில் ஒருவர்’ ஆகும்போது இல்லாமைகள் மட்டும் தவறாமல் வந்து சேர்கின்றன; உரிமைகள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. வீட்டாருக்கும் பணியாளருக்கும் உள்ள உறவைப் பற்றிய பேச்சு எப்போதும் அன்பு, நன்றி, விசுவாசம் என்றே போகும். அடியில் கிடக்கும் கேள்வி அதைவிட உலர்ந்தது: பணியாளரின் நேரம் யாருக்குச் சொந்தம்?

வீடு ஒரு சிற்றரசு

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இங்கிலாந்தில் 1351ஆம் ஆண்டின் துரோகச் சட்டம், எஜமானைக் கொல்லும் பணியாளின் செயலைச் சாதாரணக் கொலைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைச் சிறு ராஜதுரோகம் என்றது. கணவனைக் கொல்லும் மனைவியும், தன் மேலாளைக் கொல்லும் பாதிரியும் அதே பிரிவில் வந்தார்கள். வீட்டுத் தலைவன் ஒரு சின்ன அரசன், அவனுக்கு எதிரான குற்றம் அரசனுக்கு எதிரான குற்றத்தின் சிறு வடிவம் என்பதே அதன் தர்க்கம். இந்தக் குற்றத்துக்காகப் பெண்களை எரிக்கும் தண்டனை 1790 வரை சட்டத்தில் இருந்தது. இப்படி ஒரு குற்றப் பிரிவே 1828இல்தான் ஒழிந்தது.

அந்தக் காலத்துப் பணியாளர் எல்லாரும் பரம்பரையாக அடிமட்டத்தில் கிடந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பீட்டர் லாஸ்லெட், ஜான் ஹஜ்னல் போன்ற குடும்ப வரலாற்று ஆய்வாளர்கள் காட்டியது இது: வடமேற்கு ஐரோப்பாவில் ஏராளமான இளைஞர்கள் திருமணத்துக்கு முன் சில ஆண்டுகள் பிறர் வீடுகளில், முக்கியமாக விவசாயக் குடும்பங்களில், தங்கி வேலை செய்தார்கள். பிறகு சேமிப்போடு வெளியேறித் தனிக் குடும்பம் அமைத்தார்கள். வேலைக்கு வைத்த விவசாயியே இளமையில் இன்னொரு வீட்டில் வேலையாளாக இருந்திருக்கக்கூடும். அங்கே பணிவிடை என்பது வாழ்க்கையின் ஒரு பருவம். இப்படிப்பட்ட வீட்டில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்குத் தனிப் பெருந்தன்மை தேவைப்பட்டிருக்காது. வேலை செய்பவர் வேறு இனத்தவர், வேறு நாட்டவர், வேறு வர்க்கத்தவர், சாகும்வரை அவர் அப்படியே இருப்பார் என்று ஆகும்போதுதான் உறவு அடியோடு மாறுகிறது.

அந்த மாற்றத்தைக் கட்டடங்களில் பார்க்கலாம். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் பெரிய ஐரோப்பிய வீடுகளில் பணியாளருக்குத் தனிப் பின்படிக்கட்டு வந்தது, கூப்பிடு மணிகளும் கம்பிகளும் வந்தன, அறைகள் மாடியின் உச்சிக்கோ நிலவறைக்கோ போயின. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் தாமஸ் ஜெபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையில், உணவறைக் கணப்பின் இருபுறமும் நிலவறையிலிருந்து மது பாட்டில்களை மேலேற்றும் சிறு தூக்கிகள் இருந்தன. தட்டுகளைத் தாங்கிச் சுழலும் கதவும் இருந்தது. பரிமாறியவர்கள் அவருடைய அடிமைகள். விருந்தினர் கண்ணில் அவர்கள் அதிகம் படாமல், விருந்தின் பேச்சு அவர்கள் காதில் விழாமல் சாப்பாடு மட்டும் வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு. வேலை வேண்டும், வேலை செய்யும் ஆள் வேண்டாம் என்ற ஆசையை இவ்வளவு புத்திசாலித்தனமாகக் கட்டியெழுப்பியவர், மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்ற வரியையும் எழுதியவர்.

எஜமான் சொன்னால் போதும்

அரசியல் புரட்சியும் இந்தக் கதவைத் திறக்கத் திணறியது. பிரான்சின் 1791 அரசியலமைப்பு வாக்குரிமையை வரையறுத்தபோது, வீட்டுப் பணியில் இருப்பவர்களை ஒதுக்கிவைத்தது. இன்னொருவர் சோற்றை உண்பவர் தனக்கென ஒரு கருத்து வைத்திருக்க முடியாது என்பது அன்றைய நம்பிக்கை. இரண்டே ஆண்டுகளில், 1793இன் உரிமைப் பிரகடனம் ‘பணியடிமை நிலையைச் சட்டம் அங்கீகரிக்காது’ என்று முழங்கியது. அதே மூச்சில், வேலை செய்பவருக்கும் வேலை தருபவருக்கும் இடையே இருக்கக்கூடியது பராமரிப்பும் நன்றியறிதலும் கொண்ட பிணைப்பு மட்டுமே என்றது. மன்னன் தலையை வெட்டியவர்களால்கூட அந்த இடத்தில் கூலி என்றோ நேரம் என்றோ எழுத முடியவில்லை. அந்த அரசியலமைப்பு நடைமுறைக்கும் வரவில்லை.

நடைமுறைக்கு வந்தது நெப்போலியனின் 1804 சிவில் சட்டம். அதன் 1781ஆம் பிரிவு இன்று படிப்பவரைத் திடுக்கிட வைக்கும். பேசிய சம்பளம் எவ்வளவு, போன ஆண்டுச் சம்பளம் கொடுக்கப்பட்டதா, இந்த ஆண்டுக்கு முன்பணம் எவ்வளவு தரப்பட்டது என்ற தகராறு வந்தால், எஜமான் உறுதியாகச் சொல்வதே நம்பப்படும். சாட்சியம், கணக்கு எதுவும் வேண்டாம். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று பெருமைப்பட்ட நாட்டில் இந்தப் பிரிவு 1868 வரை நீடித்தது.

நம்பிக்கை எஜமானுக்கு என்றால் சந்தேகம் யாருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பழைய பிரான்சில் வேலை செய்யும் வீட்டில் திருடிய பணியாளுக்கு மரண தண்டனை விதிக்கலாம் என 1724இல் அரசாணையே இருந்தது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டுவரை சிறை. எழுத்தரோ பணியாளரோ தன் எஜமானின் பொருளைத் திருடினால் 381ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுவரை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த ஏழு ஆண்டுகளை அப்படியே வைத்திருக்கிறது. நம்பிக்கைத் துரோகம் கூடுதல் குற்றம் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கையை மறுபக்கம் முறித்தால், அதாவது ஆறு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால், அது திருட்டு என்ற தலைப்பிலேயே வருவதில்லை.

இதோடு சேர்ந்தது நன்னடத்தைச் சான்று. இங்கிலாந்தில் பழைய எஜமானியின் கடிதம் இல்லாமல் அடுத்த வீடு கிடைப்பது கடினம். அதைக் கொடுத்தே தீர வேண்டிய சட்டக் கடமை எஜமானிக்கு இருக்கவில்லை. பொய்ச் சான்று தயாரிப்பவரைத் தண்டிக்க மட்டும் 1792இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். சண்டையிட்டு வெளியேறிய பணிப்பெண்ணின் அடுத்த வேலை அவர் சண்டையிட்டவரின் பேனாவில் இருந்தது.

பழைய துணியும் குறைந்த வெப்பமும்

சட்டத்தைவிட நுட்பமாக வேலை செய்வது அன்றாடம். அமெரிக்கச் சமூகவியலாளர் ஜூடித் ரோலின்ஸ் 1980களின் தொடக்கத்தில் பாஸ்டன் பகுதியில் தானே வீட்டுப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்து இந்த உறவை ஆராய்ந்தார். கொடுமைக்கார எஜமானிகளைவிட அவர் கவனத்தை ஈர்த்தவர்கள் அன்பானவர்கள். பழைய துணி, மீந்த பொருள், தேவையில்லாத நாற்காலி எல்லாம் பணியாளருக்கு வந்துகொண்டே இருக்கும். பணியாளர் அதற்குத் திருப்பி எதுவும் தர முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பழைய பொருளை வீட்டுக்குப் போகும் வழியில் எறிந்துவிட்டவர்களும் இருந்தார்கள். ஆனாலும் எஜமானியின் முன் முகம் மலர்ந்து வாங்கிக்கொண்டார்கள். ஒருவழியில் மட்டும் ஓடும் பரிசு, யார் மேல், யார் கீழ் என்பதை ஒவ்வொரு முறையும் உறுதிசெய்கிறது என்பது ரோலின்ஸின் முடிவு. அவர் தன் குறிப்புகளில் எழுதிய இன்னொரு நிகழ்ச்சி என்னை அதிகம் உறுத்துகிறது. அவர் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போதே, வெளியே கிளம்பிய வீட்டார் ஆளில்லாத வீடு என்பதுபோல வெப்பமூட்டியைக் குறைத்துவிட்டுப் போனார்கள். வெறுப்பு எதுவும் அதில் இல்லை. அவர் அங்கே இருப்பது அவர்கள் கணக்கில் வரவேயில்லை, அவ்வளவுதான்.

இப்படிக் காணாமல்போகும் ஒருவருக்குத்தான் வீட்டைப் பற்றி எல்லாம் தெரியும். யாருக்குக் கடன், யார் யாரோடு பேசுவதில்லை, எந்த மாத்திரை எந்த அலமாரியில் ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். வீட்டாருக்கோ அவருடைய பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே சில நேரம் தெரியாது. வீட்டார் மனத்தில் பதுங்கியிருக்கும் அச்சத்துக்கு இந்த ஏற்றத்தாழ்வான அறிவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி, பேச்சைக் குறைத்துக்கொள்வது தீர்வா? இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் லத்தீன் அமெரிக்கப் பணியாளர்களை ஆராய்ந்த பியரெட் ஹோண்டக்னூ-சோடெலோ, நவீன எஜமானிகளில் பலர் வேலைநேரத்தில் வளவளவென்று பேச விரும்பாதவர்கள் என்பதைக் கண்டார். வேலை முடிந்தால் சரி, உறவு எதற்கு? ஆனால் பணியாளர்கள், குறிப்பாகக் குழந்தை வளர்ப்பவர்கள், தங்களை ஓர் ஆளாகக் கண்டு பேச வேண்டும் என்று விரும்பினார்கள். அவர்கள் கேட்டது தயவை அல்ல. தங்கள் வேலைக்குத் திறன் வேண்டும், தங்களுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு என்ற கவனத்தை. அந்தக் கவனமும் நியாயமான சம்பளமும் ஒன்றையொன்று தள்ளுவன அல்ல. ஒன்றைக் கொடுத்து மற்றதை ஈடுகட்டுவதுதான் வழக்கமான தந்திரம்.

குழந்தை விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. தன் குழந்தையைத் தாய்நாட்டில் உறவினரிடம் விட்டுவிட்டு, வேறு நாட்டில் வேறொருவர் குழந்தையை வளர்க்கும் பெண்களின் வரிசையை அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் பராமரிப்புச் சங்கிலி என்றார். அந்தக் குழந்தையின் மீது அவர்கள் வைக்கும் பாசம் நிஜமானது. அதனாலேயே, சம்பளம் கூடாத வீட்டையும் விட்டு வர முடியாமல் தவிப்பார்கள். குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பிரிவுக்கு எந்த ஒப்பந்தத்திலும் இடமில்லை.

அஞ்சல்தலையும் நீச்சல்குளமும்

தொழிலாளர் சட்டங்கள் ஆலைக்குள் நுழைந்த வேகத்தில் வீட்டுக்குள் நுழையவில்லை. பிரிட்டனின் 1911 தேசியக் காப்பீட்டுச் சட்டம் வீட்டுப் பணியாளரையும் சேர்த்துக்கொண்டது; முதலாளியும் பணியாளரும் வாரம்தோறும் பங்கு செலுத்தி, அதற்கான, அஞ்சல்தலை போன்ற காப்பீட்டுத் தலையை வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எஜமானிகளும் பணிப்பெண்களும் சேர்ந்து கூடி, அந்தக் காப்பீட்டுத் தலையை நக்கி ஒட்டமாட்டோம் என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நோய் வந்தால் நல்ல எஜமானி பார்த்துக்கொள்வாள், சட்டம் நடுவில் வந்தால் அந்த அன்பு கெடும் என்பது வாதம். கெட்ட எஜமானிக்கு வாய்த்த பணிப்பெண்ணின் நோயை யார் பார்ப்பது என்பது பற்றிப் பேச்சில்லை. சட்டம் நிறைவேறிவிட்டது.

அமெரிக்கா எதிர்வழியில் போனது. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 1938இன் நியாய உழைப்புத் தரச் சட்டமும் வீட்டுப் பணியாளரை விட்டுவிட்டன. வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் அன்று வீட்டு வேலையிலும் விவசாயத்திலும்தான் இருந்தார்கள். ஓய்வூதியம் 1950இல் எட்டிப் பார்த்தது, குறைந்தபட்ச ஊதியம் 1974இல். சங்கம் அமைத்துப் பேரம் பேசும் உரிமையைத் தரும், அதே 1935இல் வந்த வேறொரு சட்டம் இன்றும் வீட்டுப் பணியாளரைச் சேர்க்கவில்லை. சட்டத்துக்காகக் காத்திராமல் பணியாளர்களே செய்துகொண்ட மாற்றம் வேறு: இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாஷிங்டன் போன்ற நகரங்களில் கறுப்பினப் பெண்கள், தங்கி வேலை செய்வதை விட்டுவிட்டு நாள்வேலைக்கு மாறினார்கள். மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்ப முடிந்தது. எந்தச் சீர்திருத்தத்தையும்விட இது உறவை அதிகம் மாற்றியது என்பேன்.

தென்னாப்பிரிக்காவில் ஒரே குடும்பத்திடம் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்த, பார்வை குன்றிய ஒரு பெண், 2012இல் சன்னல் துடைக்கும்போது அந்த வீட்டின் நீச்சல்குளத்தில் விழுந்து இறந்தார். பணியிட விபத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் வீட்டுப் பணியாளரைத் தொழிலாளர் வரையறையிலிருந்தே நீக்கியிருந்ததால் மகளுக்கு அதன்படி எதுவும் கிடைக்கவில்லை. அந்த விலக்கு அரசியலமைப்புக்கு முரணானது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16இல் ஏற்ற, வீட்டுப் பணியாளருக்கான 189ஆம் உடன்படிக்கை இந்த இடைவெளியை மூட முயன்றது. முதலில் ஏற்புறுதி செய்த நாடு உருகுவே. 2013 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. உலகில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட வீட்டுப் பணியாளர் சுமார் 7.56 கோடி, அவர்களில் 76 சதவீதம் பெண்கள், பத்தில் எட்டுப் பேர் முறைசாரா வேலையில் என்பது அந்த அமைப்பின் 2021 மதிப்பீடு. உடன்படிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுபவை இரண்டு. விடுப்பு நாளிலோ ஓய்வு நேரத்திலோ வீட்டிலேயே இருக்கும்படி பணியாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ‘கூப்பிட்டால் வர வேண்டும்’ என்று அவர் காத்திருக்கும் நேரமும், சட்டமோ ஒப்பந்தமோ வகுக்கும் அளவுக்கு, வேலை நேரமே. ஹாங்காங் இதற்கு நேர்மாறு: அங்கே வெளிநாட்டு வீட்டுப் பணியாளர் முதலாளி வீட்டில்தான் தங்க வேண்டும் என்பது 2003 முதல் விதி, ஒப்பந்தம் முறிந்தால் இரண்டு வாரத்தில் நாட்டை விட்டுப் போக வேண்டும். சத்தம் போட்டால் விசாவும் போய்விடும் என்ற நிலையில், அன்பான வீடு வாய்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

பணம் எங்கிருந்து வருகிறது

சட்டம் எழுதிய பிறகும் சில முடிச்சுகள் அவிழ்வதில்லை. பிரேசில் 2013இல் அரசியலமைப்பைத் திருத்தி வாரத்துக்கு 44 மணி நேரம், மிகைநேரக் கூலி ஆகியவற்றை வீட்டுப் பணியாளருக்கு உறுதிசெய்தது. 2015இல் வந்த விரிவான சட்டம் ஒரே வீட்டில் வாரம் இரண்டு நாளுக்கு மேல் வேலை செய்பவர்களையே உள்ளடக்கியது. இரண்டு நாளோடு நிறுத்திக்கொண்டால் வீட்டாருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. சட்டம் கோடு போட்ட இடத்தில் பேரம் முளைப்பது எங்கும் நடப்பதே.

ஆய்வாளரை வீட்டுக்குள் அனுப்புவதும் கடினம். உருகுவேயின் 2006ஆம் ஆண்டுச் சட்டம், மீறல் நடந்திருக்கலாம் என்று கருத இடமிருந்தால் நீதிமன்ற ஆணையோடு வீட்டுக்குள் நுழைய வழிசெய்தது. அதைவிடச் சுவையானது அங்கே 2008இல் நடந்த கூட்டுப் பேரம். ஒரு பக்கம் வீட்டுப் பணியாளர் சங்கம். மறுபக்கம் முதலாளிகளின் பிரதிநிதியாக யார் உட்காருவது என்ற கேள்வி வந்தது. இல்லத்தரசிகளின் சங்கம் உட்கார்ந்தது! வீட்டம்மா ஒரு முதலாளி என்று அவர்களே ஒப்புக்கொண்ட மேசை அது.

ஆனால் அந்த முதலாளி ஆலை நடத்துபவர் போன்றவர் இல்லை. வீட்டு வேலை லாபம் ஈட்டுவதில்லை. நடுத்தரக் குடும்பத்தில், வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் சம்பளத்திலிருந்து இன்னொரு பெண்ணின் சம்பளம் போகிறது; இரண்டாவது முதலாவதைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால்தான் கணக்கு ஒத்துவரும். அந்த வீட்டு ஆணின் கை வேலையில் படாததால் வரும் செலவு இது என்பது கணக்கில் ஏறுவதில்லை. பேரம் இரண்டு பெண்களுக்கு இடையே நடக்கிறது. பிரான்சு இந்தச் செலவில் பாதியை வரிச்சலுகையாக ஏற்கிறது. பெல்ஜியம் 2004இல் தொடங்கிய சேவைச் சீட்டுத் திட்டத்தில் பணியாளர் ஒரு நிறுவனத்தின் ஊழியர், வீட்டார் சீட்டு வாங்கும் வாடிக்கையாளர் மட்டும். சீட்டின் விலைக்கு மேல் ஆகும் செலவை அரசு மானியமாகத் தருகிறது. பணம் இல்லாமல் மரியாதை மட்டும் உயர்ந்துவிடாது என்பதைப் புரிந்துகொண்ட ஏற்பாடுகள் இவை. வசதியுள்ள வீட்டின் துடைப்பத்துக்கு எல்லார் வரிப்பணமும் போவது சரியா என்ற கேள்வி அங்கேயும் ஓயவில்லை.

இந்தச் சிக்கல் முழுவதையும் ஒரே வழக்கில் பார்க்க வேண்டுமானால் ஜெர்மனிக்குப் போகலாம். பல்கேரியாவிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு பெண், பெர்லினில் தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டியின் வீட்டில் தங்கி அவரைக் கவனித்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் வாரம் முப்பது மணி நேரம். இரவில் கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்பதால் தன் அறைக் கதவைத் திறந்து வைத்தே தூங்க வேண்டியிருந்தது என்றார் அவர். காத்திருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2021 ஜூன் 24இல் தீர்ப்பளித்து, எத்தனை மணி நேரம் என்று கணக்கிடக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தையும் சட்டப்படி வாங்க வேண்டுமானால் ஒருவர் போதாது, மூன்று நான்கு பேரைச் சுழற்சியில் வைக்க வேண்டும். அந்தச் செலவைத் தாங்க மாட்டோம் என்றன முதியோரை வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள். அவர்கள் சொன்னதும் உண்மை. அதுவரை அந்த வித்தியாசத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர் யார் என்பதைத் தீர்ப்பு எழுத்தில் வைத்துவிட்டது. இனி அதை யார் கட்டுவது என்பதற்கு அந்நாட்டு நாடாளுமன்றம்தான் பதில் சொல்ல வேண்டும்.